எந்த எல்லர்காம்ப்?

"அது வாங்கின பேரு. நான் சொல்லல, ஊரே சொல்லுது..."

"யாரு வாங்கினது? நாங்க பண்ணைக்குள்ள..."

"பண்ணைக்குள்ள பொறந்தவன் பேரா அது? வீட்டோட மாப்பிள்ளையா வந்தவன் பேரு. சொந்தப் பேரை வாசல்ல செருப்பு மாதிரிக் கழட்டி வச்சிட்டு உள்ள நுழைஞ்ச ஆளு, உங்க பாட்டனுக்குப் பாட்டன்."

"அவராவது உள்ள வந்தாரு. உங்க ஆளுக்கு உள்ள வர வழியே இல்லையே. சதுப்புல தவளையோட குடும்பம் நடத்தினவங்கதானே நீங்க."

"தவளை யார் பேரையும் தூக்கிட்டுப் போகல, கெர்லிண்ட்."

"சத்தம் போடாதய்யா. உன் இதயத்துக்கு ஆகாது."

"அது சதுப்பு இதயம். தாங்கும்."

"தாங்கலைன்னுதானே திங்கக்கிழமை கீறப் போறாங்க."

எக்கார்ட் எல்லர்காம்ப் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். எண் பதினேழு. கதவுக்கு மேலிருந்த பலகை பதினாறு என்றது. அரைமணி நேரமாக அது பதினாறாகவே இருந்தது. அந்த நடைவழியில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

லைம்ப்ரூக் நகரத்தில், மாவட்டக் குடும்பப்பெயர்த் தோற்றம் மற்றும் பரவல் ஆய்வகத்தின் மூன்றாம் மாடி அது. செவ்வாய்க்கிழமை, மணி ஒன்பதேகால். முப்பத்தெட்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் எக்கார்ட். மார்பில் பெயர் வில்லையோடுதான் அத்தனை வருடமும் ஓட்டினார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு பயணிகூடக் கேட்டதில்லை. கெர்லிண்டுக்குச் சனிக்கிழமைச் சந்தையில் பாலாடைக்கட்டிக் கடை. ஒன்பது வருடமாக இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளவும் தோன்றவில்லை, செய்யாமல் இருக்கிறோமே என்றும் தோன்றவில்லை. அப்போதுதான் எக்கார்டின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று டாக்டர் கண்டுபிடித்தார்.

எக்கார்ட் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருந்தால் கெர்லிண்டை உள்ளே விடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "தாளைக் காட்டி உள்ள வர்றதுக்கு நான் என்ன மருந்து கம்பெனிக்காரியா? பொண்டாட்டியா வர்றேன்," என்றாள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கல்யாணம். திங்கள் காலை ஏழு மணிக்கு அறுவைச் சிகிச்சை. நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தத் தவறு நடந்தது.

தவறு கெர்லிண்டுடையது. ஆனால் அவர்கள் ஊரான ஓஸ்டர்வீடேயில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஊரில் பாதிப்பேர் எல்லர்காம்ப். அதனால் அங்கே யாரும் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. கைகுலுக்கும்போதே "பண்ணை" அல்லது "சதுப்பு" என்று சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். பண்ணை யார் கையில் இருக்கிறதோ அவருக்குப் பண்ணையின் பெயர். பெண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளே வருகிறவனும் அந்தப் பெயருக்குள் வந்துவிடுவான். பண்ணை இல்லாதவர்கள் ஓரமாகச் சதுப்பில் குடியிருந்தார்கள். அவர்களுக்கும் அதே பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது.

இரண்டு வாரத்துக்கு முன் திருமணப் பதிவு அலுவலகத்தில் திருமதி ஓப்பர்பெக் என்ற பதிவாளர் முத்திரையை மையில் ஒற்றி உயர்த்திவிட்டார். "ரெண்டு பேருமே எல்லர்காம்ப். வேலை மிச்சம்," என்றுகூடச் சொன்னார்.

"நாங்க பண்ணை. இவங்க சதுப்பு," என்றாள் கெர்லிண்ட், பழக்கத்தில்.

முத்திரை காகிதத்துக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது. பிறகு அதன் பெட்டிக்குத் திரும்பிப் போனது.

"அப்போ ரெண்டு பேரு," என்றார் திருமதி ஓப்பர்பெக்.

"ஒரே பேருதான் மேடம்," என்றார் எக்கார்ட்.

"பாக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்கற ரெண்டு பேரு, சார். என்கிட்ட ரெண்டு குடை இருக்கு. ரெண்டும் கறுப்பு. ஒண்ணு என்னோடது, இன்னொண்ணு ஆபீஸோடது. மழைக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு அப்புறம் குடும்பப் பேரு யாரோட எல்லர்காம்ப்? படிவத்துல ரெண்டு கட்டம் இருக்கு பாருங்க."

"எதுல வேணா டிக் போட்டுக்கங்க."

"நான் போட முடியாது. முடிவு பண்ற அதிகாரம் எனக்கு இருக்கு, பொறுப்பு இல்ல. பொறுப்பு ஆய்வகத்துக்கு இருக்கு, அவங்களுக்கு அதிகாரம் இல்ல. இப்படிப் பிரிச்சு வச்சிருக்கறதாலதான் இங்க யாரும் தப்புப் பண்ணினதே கிடையாது."

அப்படித்தான் அவர்கள் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தார்கள். பெயர் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி ஒன்பது வருடத்தில் ஒரு வார்த்தை பேசாதவர்கள், இந்த இரண்டு வாரமாக வேறு எதையுமே பேசவில்லை.

பலகையில் பதினேழு வந்தது.

ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் வீன்ஹோல்ட் எழுந்து நின்று, முதலில் கெர்லிண்டின் கையையும் பிறகு எக்கார்டின் கையையும் குலுக்கினார். விட மனமில்லாமல் விட்டார். "முப்பத்தோரு வருஷமா காத்துட்டிருக்கேன்," என்றார். "ரெண்டு எல்லர்காம்ப் கல்யாணம் பண்ணிக்க மாட்டாங்களான்னு."

சுவர் முழுக்க நாட்டின் வரைபடம். அதில் குண்டூசிகள். நீலத்தலை ஊசி முந்நூற்று நான்கு, சிவப்புத்தலை ஏழு. ஒரு நீல ஊசி கடலுக்குள் குத்தியிருந்தது.

"அவர் கப்பல்ல சமையல்காரர்," என்றார் டாக்டர். "நகர்ந்துகிட்டே இருப்பார். அந்த ஊசியை நகர்த்தறதுக்கு ஒரு முழுநேரப் பணியிடம் கேட்டு வாங்கியிருக்கோம். இது உங்க வீடு, பாருங்க. ஒரே ஓட்டைல ஒரு சிவப்பு, ஒரு நீலம். ஒன்பது வருஷமா ரெண்டும் சேர்ந்து நிக்க மாட்டேங்குது. விழுந்து விழுந்து எடுத்து வைக்கறோம்."

"நாங்க நல்லாத்தான் இருக்கோம்," என்றார் எக்கார்ட்.

"ஊசியைச் சொன்னேன்."

நாற்பத்தொரு பக்க அறிக்கை தயாராக இருந்தது. ஈரமண்ணில் வளரும் ஒரு மரத்தின் பெயரும் வயல் என்ற சொல்லும் சேர்ந்து எல்லர்காம்ப். அந்த மரங்கள் நின்ற இடத்தில்தான் இப்போது ஆய்வகத்தின் கார் நிறுத்துமிடம் இருக்கிறது என்று டாக்டர் பெருமையோடு சொன்னார். பண்ணைக்காரர்களுக்குப் பெயர் பண்ணையிலிருந்து வந்தது. சதுப்புக்காரர்களுக்கு மரத்திலிருந்து வந்தது. ஆகவே இரண்டு பெயர்.

"அதனால எங்களுக்கு என்ன சார்?" என்றார் எக்கார்ட்.

"அருகி வர்ற பேரை விடக்கூடாது. பெருகி வர்ற பேரைக் கூட்டக்கூடாது. இதுதான் விதி. சதுப்பு எல்லர்காம்ப் முந்நூத்தி நாலு. பண்ணை எல்லர்காம்ப் ஏழே ஏழு பேர். காட்டுல ஓநாய்கூட அதைவிட ஜாஸ்தி."

"ஆறு," என்றாள் கெர்லிண்ட். "எங்க ஃப்ரீடர் பெரியப்பா போன மாசம் போயிட்டாரு."

டாக்டரின் முகம் வாடியது. வரைபடத்தின் வடக்கு மூலையிலிருந்து ஒரு சிவப்பு ஊசியைப் பிடுங்கி, வெல்வெட் வைத்த சின்னப் பெட்டியில் படுக்க வைத்தார். சற்று நேரம் தலைகுனிந்து நின்றார்.

"தெரிவிச்சிருக்கணும் மேடம். அதுக்குப் படிவம் இருக்கு."

"அவரு திடீர்னு போயிட்டாரு."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "உங்க பேரு உங்களோடதுன்னு நினைக்கறீங்க. தப்பு. பேருதான் நிரந்தர வீடு. ஆளுங்க அதுல வந்து போற வாடகைக்காரங்க. நான் முப்பத்தோரு வருஷமா பேருங்களுக்காகவே உழைச்சிருக்கேன். அதுங்களைச் சுமக்கறவங்களைப் பாக்க எனக்கு நேரமே கிடைச்சதில்ல. பாத்திருந்தா வேலை கெட்டிருக்கும்." எக்கார்டைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க மேடம் பேருக்குள்ள போயிடுங்க சார். பண்ணைக்கு மறுபடி ஏழு ஆயிடும்."

"அதாவது, எல்லர்காம்பை விட்டுட்டு எல்லர்காம்ப் ஆகணும்."

"அழகாப் புரிஞ்சுக்கிட்டீங்க."

படி இறங்கும்போது கெர்லிண்ட் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தாள். முதல் மாடியில் முடியவில்லை. "செருப்பை வாசல்லயே விட்டுட்டு வந்துடு," என்றாள்.

எக்கார்டுக்கே தன்மேல் ஆச்சரியமாக இருந்தது. போன மாதம் யாராவது கேட்டிருந்தால், பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தால் போதும் என்றிருப்பார். இப்போது படியிலேயே நின்றுவிட்டார். "எங்கப்பா சதுப்புல பொறந்து சதுப்புல செத்தாரு," என்றார்.

"உங்கப்பா லைம்ப்ரூக் பஸ் டெப்போவுல செத்தாரு."

"மனசால சதுப்புலதான்."

புதன்கிழமை காலை, விதி அப்படியென்றால் அப்படியே ஆகட்டும் என்று அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். செய்திருக்க வேண்டியதில்லை. ஆனால் விவரம் ஏதாவது மாறினால் உடனே தெரிவிக்கவும் என்று அவர்களுடைய தாளில் அச்சிட்டிருந்தது. அச்சிட்டிருந்தால் எக்கார்ட் தெரிவிப்பார்.

"வெள்ளிக்கிழமை எனக்குப் பேரு மாறுது."

"பழைய பேரு சொல்லுங்க சார்," என்றது ஒரு பெண்குரல்.

"எல்லர்காம்ப்."

"புதுப் பேரு?"

"எல்லர்காம்ப்."

எதிர்முனையில் தட்டச்சு ஓசை நின்றது. யாரிடமோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். "திங்கக்கிழமை இடம் பழைய எல்லர்காம்ப் பேருல இருக்கு சார். புதுசா வர்றவரு புதுசாத்தான் பதியணும். ஆகஸ்ட் கடைசியில ஒரு இடம் காலியா இருக்கு. போட்டுரட்டுமா?"

"ஆகஸ்ட் வரைக்கும் தாங்காதுன்னு உங்க டாக்டர்தான் சொன்னாரு."

"அது பழைய எல்லர்காம்புக்குச் சொன்னது சார்."

கெர்லிண்ட் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். போனில் பேசியது அவளுக்கும் கேட்டது. கத்தியைக் கீழே வைத்தாள். இரண்டு வாரத்துச் சண்டை அந்தக் கத்தியோடு மேசையில் படுத்துக்கொண்டது.

"விடு," என்றாள். "பேரை மாத்த வேணாம்னு சொல்லிடு. நான் சதுப்புக்கு வர்றேன்."

"உன் பண்ணை?"

"அது போய் நாப்பது வருஷமாச்சு. அங்க இப்போ கார் கழுவறாங்க. நீ ரொட்டியத் தின்னு."

ஆனால் அருகி வரும் பெயரை ஒருவர் சும்மா விட்டுவிட முடியாது. பெயர்க்காரர்களைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்று டாக்டர் வீன்ஹோல்ட் அன்று மாலையே எழுதியனுப்பினார். வியாழக்கிழமை நண்பகல் ஓஸ்டர்வீடே விடுதியின் கூடத்தில், துப்பாக்கி சுடும் சங்கத்துக் கொடிகளுக்குக் கீழே, தொண்ணூற்றிரண்டு எல்லர்காம்புகள் கூடினார்கள். ஆளுக்கு ஒரு துண்டு பிளம் கேக் வந்தது. எல்லர்காம்ப் குடும்பச் சங்கத் தலைவர் ரூடி எல்லர்காம்ப், கறிக்கடைக்காரர், சதுப்பு, எழுந்தார்.

"எக்கார்ட் நம்ம பய. கெர்லிண்ட் நல்ல பொண்ணு, என்ன, பண்ணை. யாருக்கும் யார் மேலயும் கோபம் இல்ல. ஆனா நம்ம சங்கக் கொடியில முந்நூத்தி நாலுன்னு பூத்தையல் போட்டிருக்கு. இந்தப் பொண்ணு உள்ள வந்தா முந்நூத்தி அஞ்சு. பிரிச்சுத் தைக்கணும். தைச்சவங்க எங்க மாமியார். அவங்களுக்கு இப்போ கண்ணு தெரியாது."

"வேற யாராவது தைக்கலாமே," என்றாள் கெர்லிண்ட்.

"உறுப்பினர் இல்லாதவங்க கொடியத் தொடக்கூடாது. மாமியாருக்கே சிறப்பு அனுமதி வாங்கினோம்."

எக்கார்ட் கையைத் தூக்கினார். கூட்டங்களில் அவர் பேசியதே இல்லை. "நான் உசுரோட இருக்கறதுதான் இப்போ விஷயம், ரூடி. திங்கக்கிழமை எனக்கு ஆபரேஷன். இவ என் பக்கத்துல இருக்கணும்."

"சங்கத்துக்கும் அதே கவலைதான்," என்றார் ரூடி, கலங்கிய கண்ணோடு. "நீ போயிட்டா முந்நூத்தி மூணு. அப்பவும் பிரிக்கணும்."

பண்ணைத் தரப்பில் மீதி ஐந்து பேரில் மூன்று பேர் வந்திருந்தார்கள். எழுந்து நின்று, தாங்கள் ஐவராகச் சுருங்கத் தயாரில்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள். கெர்லிண்டை அவர்கள் பத்து வருடமாகப் பார்க்க வந்ததில்லை. வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக ஒரே ஒரு கை உயர்ந்தது. அவருக்குக் காபி வேண்டியிருந்தது. கூட்டம் இந்தத் திருமணத்தை மனமார வரவேற்பதாகவும், அதன் விளைவுகளை நிராகரிப்பதாகவும் தீர்மானம் எழுதி, கேக்கை முடித்து, கலைந்தது.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கே அவர்கள் பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டார்கள். எக்கார்ட் கருநீலக் கோட்டில் இருந்தார். கெர்லிண்ட் பச்சை உடுப்பில், சந்தைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளாத காதணிகளோடு. மணமக்கள் அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஜாடியில் துணிப்பூ. பதினோரு மணிக்குத் திருமதி ஓப்பர்பெக் உள்ளே வந்து உரையைத் தொடங்கினார்.

"அன்பான எல்லர்காம்ப் மேடம், அன்பான எல்லர்காம்ப் சார். இந்த நாட்டுல யாரையும் யாரும் எதுக்கும் கட்டாயப்படுத்த முடியாது. நீங்க ரெண்டு பேரும் முழுச் சுதந்திரத்தோட முடிவெடுக்கலாம். எடுத்த முடிவு செல்லாதுன்னு சொல்றது மட்டும்தான் எங்க வேலை. ஆகவே கேக்கறேன். குடும்பப் பேரு யாரோட எல்லர்காம்ப்?"

"இவரோடது," என்றாள் கெர்லிண்ட்.

"இவளோடது," என்றார் எக்கார்ட், அதே நேரத்தில்.

இருவரும் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆகஸ்ட் வரைக்கும் காத்திருப்பியா? பைத்தியமா உனக்கு?"

"உன் சொந்தக்காரங்க அஞ்சு பேரு ஆயிடுவாங்கன்னு எந்திரிச்சு நின்னாங்களே. நீ ராத்திரி சாப்பிடவே இல்ல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அவங்களுக்காகவா சாப்பிடல? உனக்காகத்தான்யா சாப்பிடல."

"ஒருமித்த கருத்து இல்லை," என்று திருமதி ஓப்பர்பெக் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"அவங்கவங்க பேரு அவங்கவங்ககிட்டயே இருக்கட்டும் மேடம்," என்றார் எக்கார்ட். "அதுக்கும் ஒரு கட்டம் இருக்குல்ல?"

இருந்தது. திருமதி ஓப்பர்பெக் கணினியில் இரண்டு பெயரையும் அடித்தார். இரண்டு பெயர்களும் ஒன்றே, திருத்தவும், என்று கணினி சிவப்பில் சொன்னது. மறுபடி அடித்தார். மறுபடி சொன்னது.

"அது சரியாத்தானே சொல்லுது," என்றார் எக்கார்ட்.

"கணினிக்கு வேர் தெரியாது சார். எழுத்துதான் தெரியும். நாங்க கணினியை நம்பறோம், ஆனா அதோட பேச்சைக் கேக்கறதில்ல."

பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. டாக்டர் வீன்ஹோல்ட். அவருடைய குரல் அறை முழுக்கக் கேட்டது. இன்று காலை மாதாகோவில் ஏட்டில் ஒரு புதுப்பக்கம் கிடைத்திருக்கிறது. 1794-ல் பண்ணை முழுவதும் மகளுக்கும் வீட்டோடு வந்த மாப்பிள்ளைக்கும் போனது. அவளுடைய தம்பிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தத் தம்பிதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சதுப்புக்குப் போனவன். மரத்திலிருந்து யாருக்கும் எதுவும் வரவில்லை. இரண்டும் ஒரே எல்லர்காம்ப்தான்.

எக்கார்ட் கெர்லிண்டின் கையைப் பிடித்தார். அது குளிர்ந்திருந்தது.

"அப்போ உங்க நாப்பத்தொரு பக்கம்?" என்று திருமதி ஓப்பர்பெக் கேட்டார்.

"அதுவும் சரி, இதுவும் சரி," என்றது குரல். "தேதிதான் வேற."

திருமதி ஓப்பர்பெக் தொலைபேசியை வைத்தார். அவர் முகத்திலும் உண்மையாகவே சந்தோஷம் தெரிந்தது. "வாழ்த்துகள். ஒரே பேரு. கட்டமே நிரப்ப வேணாம். சிக்கல் தீர்ந்தது." படிவத்தை எடுத்து அழகாக நான்காகக் கிழித்தார். "இது ரெண்டு பேருக்காரங்களுக்கான படிவம். இனி செல்லாது. ஒரே பேருக்காரங்க புதுசா விண்ணப்பிக்கணும். அப்புறம் ஒரே வேர்னு ஆயிட்டதால நீங்க ரெண்டு பேரும் சொந்தம். எத்தனாவது தலைமுறைச் சொந்தம்னு ஆய்வகத்துல ஒரு சான்று வாங்கிட்டு வந்துடுங்க. அடுத்து காலியா இருக்கற நாள்..." நாட்காட்டியைப் புரட்டினார். "வர்ற வாரத்துக்கு அடுத்த வாரம், புதன்கிழமை. ஒன்பதரை மணி. நல்ல நேரம். வெயிலும் இந்த ஜன்னல் வழியா வரும்."

"திங்கக்கிழமை எனக்கு ஆபரேஷன் மேடம்," என்றார் எக்கார்ட்.

"தெரியும் சார். அதனாலதான் புதன் போட்டேன். எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சிருப்பீங்க."

வெள்ளிக்கிழமைகளில் அலுவலகம் பன்னிரண்டுக்கு மூடும். வெளியே நடைவழியில் கதவுகள் சாத்தப்படும் ஓசையும், போகிறவர்கள் ஒருவருக்கொருவர் நல்ல சாப்பாடாகட்டும் என்று சொல்லிக்கொள்வதும் கேட்டன. திருமதி ஓப்பர்பெக் முத்திரையைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை இழுப்பறைக்குள் வைத்து, சாவியைக் கையில் எடுத்தார். எக்கார்ட் எழுந்திருக்கப் பார்த்தார். மூச்சு வாங்கியது. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

கெர்லிண்ட் எழுந்தாள். இரண்டு வாரமாகப் போட்ட சத்தத்தில் ஒரு துளிகூட அவள் குரலில் இல்லை. மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி, பதிவாளரின் முகத்துக்கு நேராகக் குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"திங்கக்கிழமை காலையில நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருப்பேன் மேடம். கதவைத் திறந்துக்கிட்டு ஒருத்தர் வந்து, எல்லர்காம்புக்கு வேண்டியவங்க யாருன்னு கேப்பாரு. நல்லதோ கெட்டதோ, என்னவோ ஒண்ணு சொல்றதுக்குத்தான் கேப்பாரு. அப்போ நான் எந்திரிச்சு நிக்கலாமா, கூடாதா?"